நாங்கள் தின்று தீர்த்த எடைப்பை

கிளைடர் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு மீன் தராசு. புதிதாகப் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கியிருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் நின்று சிரித்ததைப் பார்த்தேன். உங்களில் ஒருவர் செல்போனில் படம்கூட எடுத்தார். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அதை அங்கே மாட்டியவன் நான். ஏன் மாட்டினேன் என்று சொன்னால் இத்தனை வருடம் இங்கே தலைமைப் பயிற்றுநராக இருந்த என் மானம் கொஞ்சம் போகும். ஓய்வு பெற்றவனுக்கு அது போனால் என்ன, பென்ஷனையா நிறுத்திவிடுவார்கள்?

எப்படி ஏறுவது, எப்படித் திரும்புவது, எப்படி இறங்குவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நம் மைதானம் உங்களுக்குத் தெரியும். திருச்செந்தூர் ரோட்டில் உப்பளங்கள் முடிந்து பனைகள் தொடங்குகிற இடம். இஞ்சின் இல்லாத விமானத்தை ஒரு முனையில் நிறுத்தி, மறுமுனையில் இருக்கும் விஞ்ச் என்ற இழுவை இயந்திரம் நீளமான கம்பியால் இழுக்க, அது பட்டம் மாதிரி மேலே ஏறும். கம்பி கழன்ற பிறகு காற்றும் ஓட்டுகிறவர் புத்தியும்தான் துணை. ஏர்போர்ட்டில் காலை விமானம் வந்து போன பிறகுதான் நமக்கு அனுமதி. அதுவரை ஆடு விரட்ட வேண்டும். பறக்கக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் முதல் மூன்று மாதம் ஆடு விரட்டவும் கிளைடரைத் தள்ளவும்தான் கற்றுக்கொள்கிறார்கள். பத்து நிமிடம் பறக்க ஒரு பகல் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பசிக்கும். அதனால்தான் நமக்கு ஒரு சமையல்காரர் வாய்த்தார்.

காயல்பட்டினத்து மீராசா காக்கா. அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் ஊர் வழக்கம். இருபது வருடம் வளைகுடாவில் யார் யாருக்கோ சமைத்துப் போட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் நமக்குச் சமைக்க வந்தவர். கொட்டகையை ஒட்டிய தகரக் கூரைதான் அவர் சமையலறை. அதற்கும் நம் சாமான் அறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எடைப்பைக்கு வருகிறேன். நம் இரட்டை இருக்கை கிளைடரைத் தனியாக ஓட்டுகிறவர் முன் இருக்கையில் உட்கார வேண்டும். அங்கே பாராசூட்டோடு சேர்த்துக் குறைந்தது ஐம்பத்தைந்து கிலோ இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் கனத்து மூக்கு தானாக மேலே எழும்பும். வேகம் குறைவாக இருக்கும் நேரத்தில் அப்படி எழும்பினால் இறக்கை தாங்காது, விழ வேண்டியதுதான். ஒல்லியான ஆள் தனியாகப் பறக்கும்போது இருக்கைக்கு அடியில் கூடுதல் எடை கட்டுவது இதற்காகத்தான்.

முதலில் ஈயத் தகடுகள் வைத்திருந்தோம். கடற்கரை ஊரில் ஈயத்தைத் தாழ்ப்பாள் இல்லாத அறையில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு திங்கட்கிழமை காலையில் தகடுகளைக் காணோம். இன்றைக்கு அவை ஏதோ ஒரு வலையின் அடியில் குண்டுகளாகத் தொங்கிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் நிம்மதியாக வேலை பார்க்கின்றன. யாரைக் கேட்பது?

கமிட்டி கூடியது. அன்று நான் எழுந்து சொன்ன யோசனையைக் கேட்டு எல்லோரும் கைதட்டினார்கள். "தூத்துக்குடியில எவனும் திருடாத பொருள் ஒண்ணே ஒண்ணுதான். உப்பு. கெட்டியான கித்தான் பையில பத்து கிலோ கல்லுப்பு போட்டுத் தச்சி வைப்போம்" என்றேன். அப்படியே செய்தோம். பையின் மேல் சிவப்பு மையில் பெரிதாக 10 என்று நானே எழுதினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்தேன். சொன்னதில் தப்பும் இல்லை. அந்த உப்பை யாரும் திருடவில்லை.

இருவராகப் பறக்கும்போது கணக்கு வேறு, பை தேவையில்லை. பின்னால் நான் உட்கார்ந்தாலே போதும். அப்போது எனக்கிருந்த தொந்திக்கு எந்தக் கிளைடரும் எடை போதவில்லை என்று குறை சொன்னதில்லை. அதனால் பை ஒரு வருடத்துக்கு மேல் சாமான் அறையில் சும்மா கிடந்தது. ஜெசிந்தா தனியாகப் பறக்கத் தயாராகும் வரை அதை யாரும் தொடவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தாவின் அப்பா கப்பலில் போசனாக, அதாவது மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அவர்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். இவள் ஒருத்திதான் அண்ணாந்து பார்த்தாள். பாராசூட்டைக் கட்டிக்கொண்டு நின்றாலும் நாற்பத்தெட்டு கிலோதான். கை நல்ல கை. ஆனால் ஒரு குணம் உண்டு. எது தப்பாகப் போனாலும் தன் மேல்தான் தப்பு என்று முடிவு செய்துவிடுவாள். ஆடு குறுக்கே வந்தால்கூட "நான் கொஞ்சம் முந்தி பாத்திருக்கணும் சார்" என்பாள். அந்தக் குணத்தோடு ஒரு பெண்ணைத் தனியாக மேலே அனுப்பலாமா என்று எனக்கு ஒரு மாதம் தூக்கம் கெட்டது. ஒரு மாசி மாத ஞாயிறு, காற்று அசையவில்லை. "இன்னைக்கு நீ தனியாப் போறே" என்றேன். அவள் முகத்தில் வந்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

காலையில் கிளைடரை வெளியே எடுக்கும்போதே பையை இருக்கைக்கு அடியில் கட்டிவிட்டு விஞ்சுக்குப் போய்விட்டான் இசக்கி. இசக்கியை உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் அவன்தான் விஞ்ச் ஓட்டுகிறான். நான் குனிந்து பார்த்தேன். பை இருந்தது. வாரும் இறுக்கமாக இருந்தது. சிவப்பு மையில் 10 என்று என் கையெழுத்து என்னையே பார்த்தது. படிவத்தில் 'எடை சரி' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணாடி மூடியை நானே சாத்தினேன்.

இழுக்கும்போதே மூக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பதற்றம் என்று நினைத்தேன். ஆயிரம் அடியில் கம்பி கழன்று விழுந்தது. கூடியிருந்த பிள்ளைகள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.

சத்தம் கேட்டு மீராசா காக்கா சமையலறையிலிருந்து வந்தார். தனியாகப் பறந்து இறங்குகிற பிள்ளைக்காக அன்று சீலா மீன் குழம்பு. கையில் சின்னக் கிண்ணம். அவர் வழக்கம் அது, சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன் என்னிடம் ஒரு வாய் கொடுத்துவிடுவார்.

"சார், உப்பு பாருங்க."

ஒரு கையில் ரேடியோ, கண் வானத்தில். கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தேன். "பிரமாதம் காக்கா" என்றேன்.

"இருக்காதா பின்ன? நம்ம பை உப்புல்லா. கடையில வாங்குற பொடி உப்புக்கு இந்த ருசி வருமா?"

"எந்தப் பை?"

"அதான் சார், ஸ்டோர்ல கெடக்குமே. செவப்பு மையில பத்துன்னு எழுதியிருக்கும்."

கிண்ணத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"அள்ளியா எடுத்தேன்? அப்பப்ப ஒரு கைதான். கருவாடு போட்ட அன்னைக்கு மட்டும் கொஞ்சம் கூட ஆயிட்டு." என் முகத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உப்பளத்துக்கு நடுவுல ஒக்காந்துகிட்டு உப்பக் காசு குடுத்து வாங்கச் சொல்லுதீங்களா? கடல்ல குளிக்கவும் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லுவீங்க போல!"

"பை நிறைஞ்சுதானே இருக்கு?"

"தொளதொளன்னு கெடந்தா பாக்க நல்லாவா இருக்கும்? போன வாரமே டப்பாவுக்கு ஒரு கை எடுத்துகிட்டு, தேங்கா நார வச்சி அமுக்கி நல்லா தச்சிட்டேன்" என்றார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

மேலே கிளைடர் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. ரேடியோவில் அவள் குரல் வந்தது. ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி. அன்று அந்த விதி ஞாபகத்தில் இருந்தவர் யாரும் இல்லை.

"சார், மூக்கு மேலயே போவுது. நான் என்ன தப்பு பண்ணுதேன்?"

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். தன் பெயர் எங்கும் வருவது அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. "மேலே இருப்பவனிடம் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல். ஏன் என்பதை அவன் தரையில் கால் வைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்பார். ஒருமுறை நான் தனியாகப் பறந்தபோது வால் பக்கம் ஒரு பட்டை கிழிந்து தொங்கியிருக்கிறது. அவர் ரேடியோவில், "தம்பி, சோம்பலா இருக்கு, சீக்கிரம் எறங்கு, டீ குடிப்போம்" என்றார். நானும் டீ ஆசையில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் அந்த வாலை எனக்குக் காட்டினார். அன்றிலிருந்து அவர் சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ஜெசிந்தாவிடமும் அப்படியே பேசினேன். குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "தப்பு ஒண்ணும் இல்ல. டிரிம்ம முழுசா முன்னால தள்ளு. வேகத்த எப்பவும் வைக்கிறதவிடப் பத்து கூட்டி வச்சிக்கோ" என்றேன்.

மூக்கைத் தாழ்த்தி வைக்கும் அந்த நெம்புகோலைத் தள்ளினாள், வேகத்தையும் கூட்டினாள். ஆனாலும் மூக்கு ஆடியது நிற்கவில்லை. நான் கீழே நின்று பார்க்கிறேன், வித்தியாசம் புரிகிறது. இப்போது ஆட்டுவது வாலின் கனம் மட்டும் அல்ல, அவள் கையும்தான். ஒவ்வொரு முறை மூக்கு எழும்பும்போதும் தேவைக்கு அதிகமாக அமுக்குகிறாள், பிறகு பயந்து இழுக்கிறாள்.

"சார், சொன்னதச் செஞ்சிட்டேன். இன்னும் சரியா வரமாட்டேங்குது. எனக்கு வரல சார். நான் வந்திருக்கக் கூடாது."

இறங்கத் திரும்ப வேண்டிய இடம் வந்துகொண்டிருந்தது. உயரம் குறைந்துகொண்டே இருந்தது. இந்தக் கையோடு அவள் தாழ்வாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் குருநாதர் சொன்னது எனக்குச் சரியாக இருந்தது, ஏனென்றால் எனக்கு என் மேல் சந்தேகமே வராது. நான் அப்படிப்பட்ட பிறவி. இவளோ மேலே தனியாக உட்கார்ந்து காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லாததால் தன்னையே காரணமாக்கிக்கொண்டாள். இதை எல்லாம் இவ்வளவு வரிசையாக அப்போது நினைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ரேடியோ பொத்தானை அழுத்தினேன், வாய் தானாகப் பேசியது.

"ஏளா ஜெசி, நல்லாக் கேளு. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல. ஒன் சீட்டுக்கு அடியில பையில உப்பு இல்ல. தேங்கா நாருதான் இருக்கு. உப்ப மீராசா காக்கா கொழம்புல போட்டுட்டாரு. பாக்காம அனுப்புனது நான். வாலு கனமா இருக்கு, அவ்வளவுதான். கைய லேசா வச்சிக்கோ, வேகத்த விடாத."

பொத்தானை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பக்கத்தில் மீராசா காக்கா கிண்ணத்தோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ரேடியோவில் ஏதோ கரகரத்தது. அவள் சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சார், அந்தக் கருவாட்ட நானும் தின்னேன்லா. அப்ப பாதி உப்பு இங்கனதான் இருக்கு."

அந்த நொடியிலிருந்து மூக்கு ஆடவில்லை. மூக்கு தூக்கலாகத்தான் இருந்தது, ஆனால் அவள் அதை அதட்டாமல் பிடித்துக்கொண்டாள். திரும்பினாள். வேகமாகத்தான் வந்தாள், தரையைத் தொட்டும் வெகுதூரம் ஓடினாள், மேய்ந்துகொண்டிருந்த நான்கு ஆடுகள் உயிர் பிழைக்க ஓடின. சமையலறைக்குச் சற்று முன்னால் வந்து கிளைடர் நின்று, ஒரு இறக்கையைத் தரையில் சாய்த்துக்கொண்டது. நான் அவ்வளவு தூரத்தையும் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடியைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், இத சோலோன்னு சேத்துக்குவீங்கள்லா?" என்பதுதான்.

சேர்த்துக்கொண்டேன். முதல் தடவை தனியாகப் பறந்து வருகிறவர் தலையில் ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதில் பாதியை என் தலையில் ஊற்றச் சொன்னேன்.

பையை மீராசா காக்காவின் மச்சான் வைத்திருந்த மீன் தராசில் மாட்டினோம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நார் உட்பட. இசக்கி தலையைச் சொறிந்தான். "தூக்கும்போது நானும் நெனச்சேன் சார், ரெண்டு வாரமா முட்ட சாப்பிடுதோம், ஒடம்பு தெம்பாயிட்டுன்னு" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனாவது தூக்கினான். நான் எழுத்தைப் படித்துவிட்டு டிக் போட்டேன், அதுவும் நானே எழுதிய எழுத்தை.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கமிட்டியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். சமையல்காரரை நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். உப்பைத் தின்றதில் நீங்களும் உண்டு, நானும் உண்டு, நிறுத்துவதென்றால் எல்லோரையும் நிறுத்துங்கள் என்றேன். காரணம் என்ற இடத்தில், 'தலைமைப் பயிற்றுநர் பையைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த இரண்டு மாதம் யாரையும் தனியாக அனுப்பும் அதிகாரம் எனக்கு வேண்டாம் என்றும் எழுதினேன். நீங்களும் ஒருநாள் இப்படி எழுத வேண்டி வரும். எழுதும்போது கை கூசும், எழுதிய பிறகு தூக்கம் வரும்.

மீராசா காக்காவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று அழுதார். அடுத்த மூன்று ஞாயிறும் அவர் குழம்பில் உப்பே போடவில்லை. கமிட்டி பாக்கெட் உப்பு வாங்கிக் கொடுத்தும் அவர் கை அதன் பக்கம் போகவில்லை. எல்லோரும் வாயைத் திறக்காமல் சப்பென்று சாப்பிட்டோம். நான்காவது ஞாயிறு ஜெசிந்தா தட்டோடு அடுப்படிக்கே போய், "காக்கா, உப்பு பத்தல, கொஞ்சம் போடுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் பழைய ஆளானார்.

மீன் தராசைக் கொட்டகையில் மாட்டியது அப்போதுதான். பிறகு வந்த விதிகளை எழுதியது நான் அல்ல, ஜெசிந்தா. அவள் இப்போது உங்களுக்குத் தலைமைப் பயிற்றுநர், ஆகவே அவள் கெடுபிடியை நான் விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் என் கடைசிப் பறப்பு. தனியாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டாக்டரும் சான்றிதழ் கொடுத்துவிட்டார். இந்த இரண்டு வருடத்தில் அவரும் நடைப்பயிற்சியும் சேர்ந்து என் தொந்தியைக் கரைத்துவிட்டார்கள். நான் பிறவியிலேயே குள்ளம், தொந்தி போனால் மிச்சம் அதிகம் இல்லை. ஜெசிந்தா என்னைப் பாராசூட்டோடு ஆள் நிறுக்கும் தராசு மேடையில் ஏற்றினாள். மாணவர்கள் எல்லோரும் பார்க்க, முள் ஐம்பத்து மூன்றில் நின்றது.

"பை கட்டணும் சார்" என்றாள்.

"ரெண்டு கிலோதானே ஜெசி. எத்தன வருஷமா பறக்குதேன்!"

அவள் காதில் வாங்கவே இல்லை. பையை எடுத்து வந்தாள். கையில் தூக்கிப் பார்த்தாள். மீன் தராசில் மாட்டினாள். பத்து காட்டியது. அது அவளுக்குப் போதவில்லை. தையலை ஓர் ஓரத்தில் பிரித்து, விரலை விட்டு ஒரு கல்லை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"உப்பு பாருங்க சார்."

உப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.